தாதாவுக்கு ஒரு காரணம்

போன வருடம் எங்கள் மலையில் செம்மேட்டுப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் சினிமாக்காரர்கள் ஐந்து பேர் அறை எடுத்துத் தங்கி, ஒரு கொலைகாரன் ஏன் கொலைகாரன் ஆனான் என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். ஊரே பார்த்த பழைய தாதா படம் ஒன்றுக்கு முன்கதை எடுக்கிறார்களாம். பழைய படத்தில் அந்த ஆள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வருவான், சுடுவான், போவான். அப்போது யாரும் காரணம் கேட்கவில்லை. இப்போது காரணம் வேண்டுமாம். அவன் மலையில் பிறந்தவன் என்பது முடிவாகிவிட்டது. மலையில் என்ன அடி பட்டான் என்பது மட்டும்தான் பாக்கி.

நான் வளப்பூர் நாட்டில், நாடு என்றால் எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது, மிளகும் பலாவும் வைத்துக்கொண்டு, நேரம் கிடைத்தால் பத்திரிகைக்கு எழுதுகிறவன். வசனத்தில் எங்கள் மலைப் பேச்சைத் திருத்திக் கொடுக்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். பெருமையாகத்தான் இருந்தது.

கதை விவாதத்தைப் போல ஒரு வெட்டி வேலையை நான் பார்த்ததில்லை. காலையில் பொங்கல் தின்றுவிட்டு தாதாவின் அம்மாவைக் கொன்றார்கள். அது பழசு என்று மதியத்துக்குள் தங்கையைக் கொன்றார்கள். சாயங்காலம் இரண்டு பேரையும் பிழைக்க வைத்துவிட்டு டீ சொன்னார்கள். ஒருநாள் பெரக்கரை நாட்டுக்கு ஜீப்பில் போய், வீடுகள் போதுமான அளவு ஏழ்மையாக இல்லை என்று வருத்தப்பட்டுத் திரும்பினார்கள். கூரை மேலிருக்கும் டிஷ்ஷைக் கழற்றச் சொன்னால் கழற்றுவார்களா என்று டைரக்டர் என்னிடம் கேட்டார். கழற்றுவார்கள், உங்கள் தலையில் வைப்பார்கள் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அவர் என் பக்கம் திரும்பி, என் வாழ்க்கையில் அப்படி அடி ஏதும் இல்லையா என்று கேட்டார். பந்தியில் ரசம் கேட்கிற குரல். நானும் பரிமாறினேன்.

எனக்கு ஒன்பது வயது. அப்பா மிளகு மூட்டையை பஸ் மேல் ஏற்றி, என்னையும் கூட்டிக்கொண்டு பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போனார். வியாபாரி ஒரு பிடி அள்ளித் தண்ணீர்ச் சொம்பில் போட்டார். மிளகு முங்கியது. கொஞ்சம் மட்டும் மிதந்தது. மிதந்ததை எடுத்து நசுக்கி அப்பாவின் மூக்கருகே நீட்டினார். பப்பாளி விதை. சந்தையே பார்க்க அப்பாவின் கன்னத்தில் ஓர் அறை விட்டார். அப்பா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "சரிங்க" என்று மட்டும் சொல்லி மூட்டையைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

டைரக்டர் எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். இதுதான் சார் நாம தேடின காயம் என்றார். அப்பா எப்படி நின்றார் என்று நடித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். தோளைக் குறுக்கி, கண்ணைத் தாழ்த்தி, பெற்ற அப்பனை ஐந்து பேர் முன்னால் நடித்துக் காட்டினேன்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. விதையைக் கலந்தவன் நான். எங்கள் ஊர்த் திருவிழாவில் வீடியோ டெக் போட்டு அந்தப் பழைய தாதா படத்தைக் காட்டியிருந்தார்கள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சந்தையில் விற்கிற கேப் துப்பாக்கி வேண்டும். மிளகு எடை கூடுதலாக நின்றால் வாங்கலாம் என்று அப்பா சொல்லியிருந்தார். மலைக்குக் கீழே சிலர் மிளகில் பப்பாளி விதை கலப்பதாகப் பெரியவர்கள் பேசிக் கேட்டிருந்தேன். கொல்லையில் பப்பாளி மரம் இருந்தது. விதையைக் காயவைத்து, யாரும் இல்லாத நேரம் பாயில் கிடந்த மிளகோடு கலந்துவிட்டேன். அப்பாவுக்குத் தெரியாது என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அதிலும் கேவலம், அன்றைக்குத் திருப்பி அடிக்காத மனிதர் என்று உள்ளுக்குள் அவரைத்தான் இளப்பமாக நினைத்து வந்தேன்.

படம் வந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் இருபது பேர் நாமக்கல்லுக்குக் காலைக் காட்சிக்குப் போனோம். அப்பாவும் வந்தார். படத்தில் வியாபாரியே விதையைப் போட்டு நிரபராதி அப்பனை அறைகிறான். மகன் எடைக்கல்லைத் தூக்கி அவன் மண்டையைப் பிளக்கிறான். விசில் பறந்தது. பிணத்தின் மேல் மிளகு கொட்டுவதை மூன்று கோணத்தில் காட்டினார்கள். மிளகு விலை தெரிந்தவன் எவனும் அப்படிக் கொட்ட மாட்டான்.

திரும்பும்போது பஸ்ஸில் இதே பேச்சு. அன்றைக்குச் சந்தையில் இருந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர் முன் சீட்டிலிருந்து திரும்பி அப்பாவிடம் கேட்டார். "ஏனுங்க மாமா, அன்னைக்கி நீங்க ஏன் ஒண்ணு திருப்பிக் குடுக்கலீங்க?"

பஸ்ஸே காது கொடுத்தது. அப்பா சாவகாசமாகச் சொன்னார். "அவரு மேல தப்பில்லீங்க மாப்ள. வெதை எம் மொளகுலதான் இருந்துது. நாந்தான் கலந்தேன்."

கேட்டவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பின் சீட்டில் யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். பஸ் ஒரு கொண்டை ஊசி வளைவில் உறுமி ஏறியபோது அப்பா என் காதருகே குனிந்தார்.

"வெதை எப்படி வந்துச்சுன்னு சினிமாக்காரங்ககிட்டச் சொன்னயா சாமி?"

"இல்லீங்கப்பா."

"அது போதும்," என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எழுந்து நின்று ஒரு வாக்கியம் சொன்னால் முடிந்துபோகும். அந்த ஐந்து பேரையும் இத்தனை ஏளனம் பேசுகிற வாய் இது. இந்த வளைவு தாண்டட்டும், அடுத்த வளைவு தாண்டட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். எழுபது வளைவும் தாண்டி ஊர் வந்துவிட்டது. எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள்.