வெருளி ஏறிய தோணி

எங்கள் ஆற்றுக்குத் தண்ணீர் மழையில் வந்ததைவிட வட்டைவிதானையின் வாயில் வந்ததுதான் அதிகம். மேலே பெரிய குளத்தின் கதவைத் திறந்தால் அது ஆறு. மூடினால் மணலும் கல்லும் மட்டும். வயல்களுக்குத் தண்ணீர் முறை பார்க்கும் வட்டைவிதானை, கதவு திறப்பதற்கு முதல்நாள் சைக்கிளில் வந்து படலைக்குப் படலை நின்று சத்தம் போடுவார். "நாளைக்குக் காலமை தண்ணி விடுறாங்க. ஆத்துக்குள்ள மாடு கன்று விடாதீங்க." வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் நாங்கள் இருந்த ஊரில் எல்லோரும் அதைக் கேட்டு ஆற்று மணலில் கட்டிய மாட்டை அவிழ்க்கப் போவார்கள். மாமா மட்டும் தோணியைத் துடைக்கப் போவார்.

மாமா அம்மாவின் தம்பி. கல்லடியில் வாவியிலும் கடலிலும் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர். கடல் ஊருக்குள் ஏறி வந்த அந்தக் காலையில் மாமியும் கைக்குழந்தையும் போனார்கள். தோணியும் வலையும் போயின. அகதி முகாமுக்கு வந்த வெள்ளைக்காரர்கள் என்ன இழந்தீர்கள் என்று கேட்டுப் படிவம் நிரப்பினார்களாம். மாமா தோணி என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அவர்களும் மறக்காமல் ஒரு தோணி கொடுத்தார்கள். பூசணிப் பழ நிறம், முழுக்கப் பிளாஸ்டிக், இரண்டு பேர் முன்னும் பின்னுமாகக் கால் நீட்டி உட்கார இரண்டு குழி. வலை வைக்க இடமில்லை, மீன் போடவும் இடமில்லை. துடுப்புப் போட இரண்டு முனையிலும் இலை வைத்த ஒரு சவள். அதற்குக் கயாக் என்று பெயர் என்பதும், அது பாய்கிற தண்ணீரில் விளையாடுவதற்குச் செய்தது என்பதும் பல வருடம் கழித்துத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். மீன்காரனுக்கு விளையாட்டுச் சாமான் கொடுத்துவிட்டுப் படம் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

கடலைப் பார்க்க ஏலாமல் மாமா அந்தத் தோணியை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். எங்கள் வீட்டில் அம்மா, அக்கா, நான். அப்பா நான் பிறந்த வருடமே செத்துப்போனவர். அக்காவுக்குப் பதினைந்து வயது, எனக்கு எட்டு.

குளத்துக் கதவு திறந்து ஒரு மணித்தியாலத்தில் தண்ணீர் எங்கள் ஊருக்கு வந்துவிடும். முதலில் மேட்டுப்பக்கம் ஓர் இரைச்சல் கேட்கும். பிறகு காய்ந்த சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு பழுப்பு நிறத்தில் ஒரு நாக்கு மணலில் நீளும். கொஞ்ச நேரத்தில் மூன்று பெரிய கற்கள் கிடக்கும் இடத்தில் ஆறு வெள்ளை வெள்ளையாகக் கொதிக்கத் தொடங்கும். மாமா அதற்குள் இறங்குவார். முதல் கல்லுக்கு இடப்பக்கம், இரண்டாம் கல்லுக்கு வலப்பக்கம், மூன்றாம் கல்லை உரசுவதுபோலப் போய்ச் சவளின் ஒரே குத்தில் தோணியைத் திருப்புவார். தோணி மூக்கால் விழுந்து மறைந்து, திரும்ப எழும்பி வரும். கரையில் நிற்கும் நாங்கள் கை தட்டுவோம். பெண்சாதி பிள்ளையைத் தண்ணீருக்குக் கொடுத்தவன் தண்ணீரில் சிரித்துக்கொண்டு திரிகிறானே, மூளை பிசகிவிட்டது என்று ஊர் பேசியது. மாமா அந்தப் பேச்சை மறுத்ததே இல்லை.

போதாததற்கு ஒரு வெருளியையும் செய்தார். வயலில் குருவி விரட்ட வைப்போமே, அதே வெருளி. நீளக்கைச் சட்டைக்குள் வைக்கோல், தலைக்குத் தலையணை உறை, அதில் கரியால் கண்ணும் மீசையும், மேலே ஓலைத் தொப்பி. அதைத் தோணியின் முன்குழியில் உட்கார வைத்துக்கொண்டுதான் பாய்ச்சலில் இறங்குவார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. வைக்கோலுக்குக் கிடைத்த இடம் மருமகளுக்குக் கிடைக்கவில்லை.

"மாமா, என்னையும் ஏத்துங்களன்."

"உனக்கு நீந்தத் தெரியாது புள்ள."

"வெருளிக்கு மட்டும் தெரியுமா?"

"அது செத்தாலும் ஆரும் அழமாட்டாங்க. நீ கொஞ்சம் வளரு, மறுகா பார்ப்பம்."

அந்த 'மறுகா பார்ப்பம்' எனக்குப் போதுமாக இருந்தது. அடுத்தது என் முறைதான் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொல்லி வைத்தேன்.

கற்களுக்குக் கீழே ஆறு ஒரு பெரிய வளைவு எடுத்து மரப்பாலத்தடிக்குப் போகும். பாலத்தில் துவக்கோடு காவல் நிற்பார்கள். அவர்களை ஊரில் யாரும் பெயர் சொல்லமாட்டார்கள், 'அவங்கள்' என்றுதான் சொல்வார்கள். வீட்டுக்கு ஒரு பிள்ளையைப் போருக்குத் தரவேண்டும் என்று வீடு வீடாக வந்து கேட்டுக்கொண்டிருந்தவர்களும் அவர்கள்தான். பாலத்தைத் தாண்டினால் ஆறு வாவியில் விழும்; வாவிக்கு அக்கரையில் அவர்கள் கை எட்டாது. பெட்டைப் பிள்ளைகளை அக்கரைக்குப் போக விடமாட்டார்கள். ஆனால் மாமாவைப் பார்த்தால் அவர்களுக்கும் சிரிப்பு.

"மாப்பிள்ளை எங்க போறார்?" என்று பாலத்தின் மேலிருந்து வெருளியைக் காட்டிக் கேட்பார்கள்.

"அக்கரையில பொம்பிளை பார்க்கப் போறார்" என்பார் மாமா. தோணி பாலத்துக்குக் கீழே போய்விடும். மூன்று மாதம், ஒவ்வொரு தண்ணீருக்கும் இதே கேள்வி, இதே பதில்.

வயலில் கதிர் தள்ளும் நேரம் ஒரு நாள் பின்னேரம் வட்டைவிதானை வந்து சத்தம் போட்டுப் போனார். அடுத்த நாள் காலை நான் எழும்பியபோது அம்மா வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் அக்காவின் கூந்தலைக் கத்தரித்துக்கொண்டிருந்தா. பேன் என்றா. பேனுக்கு யாராவது கழுத்தோடு வெட்டுவார்களா என்று கேட்டேன், வாயைப் பொத்து என்றா. அக்கா அழுதுகொண்டிருந்தாள். முடி போனதற்கு அழுகிறாள் என்று எனக்கு உள்ளூர ஒரு சந்தோசம்; ஊரில் எல்லோரும் புகழும் முடி அது. பிறகு அக்காவைக் காணவில்லை. பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்றா அம்மா.

தண்ணீர் இரைகிற சத்தம் கேட்டு ஆற்றுக்கு ஓடினேன். ஓடும்போது மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் ஒரு குவியல் வைக்கோலைக் கண்டேன். ஆற்றில் ஊறி ஊறிக் கறுத்த, வெருளியின் வயிற்று வைக்கோல். கரைக்குப் போனபோது தோணி கற்களுக்கு மேலே வந்துகொண்டிருந்தது. முன்குழியில் வழக்கமான தொப்பி, வழக்கமான மீசை. முதல் கல்லில் தோணி சரிந்தபோது வெருளி இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதாவது, எட்டு வயதுக்கு விளங்கக்கூடிய எல்லாம். அக்காவுக்கு நீந்தத் தெரியும், அழகான முடி, இப்போது தோணியும் அவளுக்குத்தான். அம்மாவும் மாமாவும் சேர்ந்து என்னை ஏமாற்றி என் முறையைத் தூக்கி அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள். பாய்ச்சல் என்றால் எனக்கு உயிர் என்று தெரிந்தும் கொடுத்துவிட்டார்கள்.

ஆறு வளைந்து போகிற தூரத்தை வரப்பு வழியே ஓடினால் பாதியாக்கலாம். ஓடினேன். பாலத்தில் ஒரு பொடியன் மட்டும் நின்றான். பக்கத்து ஊர்க்காரன், அக்காவின் வயதுதான் இருக்கும், துவக்கு அவனைவிடக் கனமாகத் தெரிந்தது.

"அண்ணா, இண்டைக்கு வாறது வெருளி இல்ல. எங்கட அக்கா!"

அவன் என்னைப் பார்த்தான், ஆற்றைப் பார்த்தான், பின்னால் இருந்த காவல் குடிசையைப் பார்த்தான். "சும்மா இரு. வீட்ட போ" என்றான் மெதுவாக.

நான் சொன்னதை அவன் நம்பவில்லை என்று நினைத்தேன். பொய் சொல்கிறவள் என்று எண்ணிவிட்டானே என்ற ரோசம் வேறு. "சத்தியமா அண்ணா! முடி வெட்டிச் சட்டை போட்டு ஏத்தியிருக்காங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். என் வாயைப் பொத்த அவன் கையைத் தூக்கினான். அதற்குள் குடிசைக்குள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த பெரியவன் கோப்பையோடு வெளியே வந்துவிட்டான். அவன் நான் சொன்னதை உடனே நம்பினான். "கெட்டிக்காரப் புள்ள" என்று தலையைத் தடவினான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வானத்தை நோக்கி ஒரு வெடி வைத்தான். பாலத்தடியில் தண்ணீர் ஆறிப் போகும், தோணி அங்கே தானாகவே மெதுவாகும். வெடிச் சத்தத்துக்கு வேறு இரண்டு பேரும் ஓடி வந்து இழுத்துக் கரையேற்றினார்கள். மாமாவை மணலில் குப்புறப் போட்டு முதுகில் காலை வைத்தார்கள். தலையணை உறையைப் பிடுங்கினார்கள். கழுத்தோடு வெட்டிய முடியோடு அக்கா நின்றாள்.

அவள் அண்ணாந்து பாலத்தைப் பார்த்தாள். என்னைக் கண்டாள். தலையை மிக இலேசாக அசைத்தாள், ஓடிப் போ என்பதுபோல. எப்போதும் போலத் துரத்துகிறாள் என்று நான் அவளுக்கு நாக்கை நீட்டிக் காட்டினேன். நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

அன்று பின்னேரம் அந்தத் தோணியை எங்கள் முற்றத்துக்குக் கொண்டுவந்து, ஊர் பார்க்கட்டும் என்று கோடரியால் கொத்தினார்கள். பூசணிப் பழ நிறத் துண்டுகள் கோழிக்கூடு வரை தெறித்தன. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. நிலத்தில் விழுந்து புரண்டு அழுதேன். இரவும் சோறு வேண்டாம் என்றேன். அதுவரை கல்லாக நின்ற அம்மா என்னைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, "அழாதடி என்ர தங்கமே, அக்கா வருவா" என்று தானும் சேர்ந்து அழுதா. அக்கா வந்தாலென்ன, தோணி வருமா என்று நான் கேட்கவில்லை. விம்மலில் வார்த்தை வரவில்லை, அவ்வளவுதான்.

மாமாவைப் பத்து நாளில் விட்டார்கள், வலக்கை மடங்காமல் வந்தார். பிறகு எங்கள் பக்கத்தில் போர் முடிந்தது. பிறகு எல்லா இடத்திலும் முடிந்தது. முகாம்களிலிருந்து சில பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். அம்மா அக்காவின் படத்தோடு ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. படத்தில் அக்காவுக்கு இடுப்பு வரை முடி.

மாமா இப்போது கல்லடியில் ஒரு சில்லறைக் கடையில் நிற்கிறார். வருடத்துக்கு ஒருமுறை வருவார், சோறு தின்னுவார், கை கழுவிவிட்டுப் பிடிபட்டதற்கு ஒரே காரணத்தைத்தான் சொல்லுவார். "மூண்டாம் கல்லில தண்ணி அடிச்சு உறை முகத்தோட ஒட்டிற்று. மூக்குத் தெரிஞ்சிற்று. வெருளிக்கு ஏது மூக்கு? உறைக்குள்ள ஒரு புடி வைக்கல் வச்சிருக்கோணும் நான்." நான் தேத்தண்ணியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். இல்லை மாமா, மூக்கு அல்ல என்று ஒவ்வொரு வருடமும் தொண்டை வரை வரும்.

சென்ற மாதமும் காணாமல்போனவர்களைப் பற்றி விசாரிக்க என்று சிலர் வந்தார்கள். அம்மா படத்தைக் காட்டினா. பிறகு வழக்கம்போல என் கையைப் பிடித்து அவர்களுக்கு முன்னால் இழுத்தா.

"இவதான் தங்கச்சி. எட்டு வயசு அப்ப. அண்டைக்கு இவ அழுத அழுகையைப் பார்த்துத்தான் எனக்கு அழுகையே வந்தது."

வந்தவர்களில் ஒரு பெண் அதை எழுதிக்கொண்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மா என் கையை விடவில்லை.