வயிற்றில் ஆமம்

கப்பல் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. அப்போதெல்லாம் எங்கள் தீவில், டாலிகஞ்சில், மெயின்லேண்டிலிருந்து கப்பல் வந்தால்தான் வெங்காயத்தையே கண்ணால் பார்க்கலாம். ஆட்டுக்கறிக்கு எங்கே போவது? தினமும் மீன்தான். மில்லில் மரம் தூக்கிவிட்டு வரும் என் வீட்டுக்காரருக்கோ மீனைப் பார்த்தாலே முகம் சுண்டிவிடும். பக்கத்து வீட்டு ராஞ்சிக்காரி, பாவம், நல்லவள், ஒரு சட்டி ஆமைக்கறி கொடுத்தாள். இவர் ஆமையைப் பெருமாள் என்று கும்பிடுகிறவர். மிளகைத் தூக்கலாகப் போட்டுச் சமைத்து, ராஞ்சிக்காரி வீட்டில் அறுத்த ஆட்டுக்கறி என்று சொல்லிப் பரிமாறிவிட்டேன். எலும்பையே காணோமே என்று கேட்டுக்கொண்டே மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

இரண்டாம் நாள் காய்ச்சல். மணிக்கட்டும் முழங்காலும் வீங்கிவிட்டன. டம்ளரைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. கடைத்தெரு மலையாள வைத்தியரை ஓடிப்போய் அழைத்துவந்தேன். நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார்.

"பக்கா ஆமம். வயித்துல பூரா ஆமம்தான். அது மூட்டு மூட்டா போயி ஒக்காந்திருக்கு."

எனக்கு ஆமை என்றுதான் கேட்டது. அறுத்த பிறகும் அந்தச் சதை சட்டிக்குள் துடித்ததை நான் பார்த்திருந்தேன். இப்போது அது இவர் உடம்புக்குள் நடக்கிறது! முழங்காலை ஏற்கெனவே வயிற்றோடு இழுத்து வைத்திருந்தார். அடுத்தது கை, அப்புறம் தலை, ஆமை மாதிரியே. நானே கொன்றுவிட்டேனே! வைத்தியரை முற்றத்துக்கு இழுத்துப் போனேன்.

"வைத்தியரே, நான்தான் போட்டேன். எப்பிடியாச்சும் வெளிய எடுத்துருங்க. பொழைச்சுருவாரா?"

"எதை எடுக்கணும்?"

"ஆமையத்தான்! ஆட்டுக்கறின்னு பொய் சொல்லிப் போட்டுட்டேன்."

அவர் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து சிரித்தார்.

"அரே அம்மா, ஆமம்னா சம்ஸ்கிருதத்துல வேகாததுன்னு அர்த்தம். வயித்துக்குள்ள ஒரு அடுப்பு இருக்கு. அது மந்தமானா, தின்னது அரைவேக்காடா கெடந்து வெஷமாயிரும். மீன் தின்னாலும் ஆமம் வரும். மூணு நாள் கஞ்சி, சுக்குத் தண்ணி, வெளக்கெண்ணெய். டரோ மத், பயப்படாதே."

மூச்சு வந்தது. ஆனால் எங்கள் வீடு பலகைச் சுவர். உள்ளேயிருந்து குரல் வந்தது:

"அடியே! அப்ப அது ஆமையா?"

சுக்குத் தண்ணியோடு போனேன். என்னை அடிப்பதற்கு டம்ளரைப் பிடிக்கப் பார்த்தார், விரல் மடங்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமலே, நான் புகட்டப் புகட்டக் குடித்தார். மூன்று நாளும் கஞ்சியும் அப்படித்தான். நாலாம் நாள் காலையில் விரலை மடக்கி டம்ளரைத் தானே எடுத்து, என்னைப் பார்த்துக் குறிவைத்து வீசினார். அது முற்றத்தைத் தாண்டி விழுந்தது. அன்றைக்குத்தான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.