அவன் வாயால் கேட்கட்டும்

பூதக்கண்ணாடி என்று அவனுக்குப் பெயர் வைத்தது நெட்டைதான். பொருத்தமான பெயர். எங்கள் பாட்டில் தொழிற்சாலையில் ஓடும் பட்டையில் வரிசையாக வரும் பாட்டில்களை, வெள்ளை விளக்குப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். விரிசல் விட்டது, குமிழி விழுந்தது, வாய் கோணியது எல்லாவற்றையும் கையால் எடுத்து ஒதுக்க வேண்டும். நிமிடத்துக்கு அறுபது பாட்டில் போகும். தலைமுடி அளவு கீறல் என்றாலும் அவன் கை தானாகப் போய் அந்தப் பாட்டிலின் கழுத்தைப் பிடித்துவிடும். கூடவே வாய் தன் பாட்டுக்கு வேறு கதை பேசிக்கொண்டிருக்கும்.

பக்கத்து ஸ்டூலில் நெட்டை. அரை மணி நேரம் ஒருவன் பார்த்தால் அடுத்த அரை மணி நேரம் மற்றவன். அதற்கு மேல் பார்த்தால் நல்ல பாட்டிலும் உடைந்த மாதிரி தெரிய ஆரம்பித்துவிடும். மாறி உட்காரும்போது எழுந்து போகிறவன், "கண்ணைப் பாத்துக்கோ" என்பான். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான்.

நான் பட்டையின் மறுமுனையில் பெட்டியில் அடுக்குகிறவன். அவர்கள் கோட்டைவிட்ட பாட்டில் என் கையில்தான் உடையும். என் இடது உள்ளங்கையில் இரண்டு தழும்பு இருக்கிறது. இரண்டும் நெட்டையின் உபயம். பூதக்கண்ணாடி கணக்கில் ஒன்றுகூடக் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, எனக்கு அவன்மேல் ஏதோ காழ்ப்பு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அவனுக்குப் பிள்ளைகுட்டி இல்லாத பெரியப்பா ஒருவர் இருந்தார். உயிரோடு இருந்தவரை இவனை வாசற்படி ஏற விட்டதில்லை. கடைத்தெருவுக்கு நடுவில் ஒரு பாழடைந்த கிடங்கை வைத்துக்கொண்டு, விற்கவும் மாட்டேன் வாடகைக்கும் விடமாட்டேன் என்று காலத்தை ஓட்டிய மனுஷன். ஒருநாள் போய்ச் சேர்ந்தார். உயில் இல்லை, இவன்தான் ஒரே வாரிசு. அந்த இடத்தை ஒரு பெரிய கம்பெனி வாங்கியது. தொகையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். எங்கள் பிரிவில் இருந்த முப்பது பேரும் சாகிறவரை வாங்கப்போகிற சம்பளத்தை மூட்டை கட்டி வைத்தாலும் அதன் பக்கத்தில் நிற்காது.

பணம் கைக்கு வந்த மறுநாள் காலை ஆறு மணி ஷிப்டுக்கு அவன் வந்து நின்றான். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னப்பா, கம்பெனிய விலை பேச வந்தியா?" என்று கேட்டேன்.

"ஆமா. வாங்கினதும் மொத வேலையா உன்னைத்தான் வீட்டுக்கு அனுப்பப் போறேன்" என்றபடி ஸ்டூலைத் துடைத்து உட்கார்ந்தான்.

அப்புறம் பெரிய வீடு வாங்கினான். மனைவி கெஞ்சியதால் ஒரு வாரம் லீவு போட்டும் பார்த்தான். அந்த ஒரு வாரத்தில் சமையலறையில் இருந்த புதுக் கண்ணாடி டம்ளர்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பதினெட்டில் பதினொன்று சொத்தை என்று தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறான். "நீங்க வேலைக்கே போய்த் தொலைங்க" என்று அந்த அம்மாவே அனுப்பிவைத்தாராம். சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

ஆனால் அவன் ஒருநாள் சிரிக்காமல் என்னிடம் சொன்னான்: "வீட்டுக்கு வர்றவன் எவனும் எங்கிட்ட பேசறதில்லப்பா. பணத்துகிட்ட பேசறான். இங்க வந்து உட்கார்ந்தாத்தான் நான் ஒரு ஆளுன்னு தோணுது." எனக்குப் பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தில் பொய் இல்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

இப்படி ஒன்றரை வருஷம் போயிற்று. பிறகு கேமரா வந்தது.

அலமாரி மாதிரி ஒரு இயந்திரம். அதன் வயிற்றுக்குள் பாட்டில் நுழைந்து வெளியே வரும்போது நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம் என்று தானாகப் பிரிந்துவிடும். பத்துப் பேர் பார்த்த வேலைக்கு நான்கு பேர் போதும் என்றார்கள். அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். சேர்ந்த வரிசைப்படி முதல் நால்வர் இருப்பார்கள், மற்றவர்களுக்குச் சனிக்கிழமையோடு சரி. நான்காவது பெயர் பூதக்கண்ணாடி. ஐந்தாவது நெட்டை.

இருவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள்தான். அன்றைக்கு விண்ணப்பம் எழுத வந்த இடத்தில் பூதக்கண்ணாடியிடம் பேனா இல்லை. முன்பின் தெரியாத நெட்டை தன் பேனாவை நீட்டிவிட்டு, இவன் எழுதி முடிக்கிறவரை கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அதனால் இவன் எண் முந்திக்கொண்டது. இந்தக் கதையைப் பூதக்கண்ணாடியே எங்களிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறான்.

பட்டியலுக்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது. முதல் நால்வரில் யாராவது தாமாக விலகினால் அடுத்தவருக்கு அந்த இடம் கிடைக்கும். விலகல் கடிதம் சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குள் அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும்.

எல்லோரும் படித்தோம். படித்துவிட்டு எல்லோரும் ஒரே ஆளைத்தான் திரும்பிப் பார்த்தோம்.

நெட்டையின் நிலைமை ஊரறிந்தது. ஐம்பத்தோரு வயது. பெரிய பெண் நர்ஸ் படிப்பில் இரண்டாவது வருஷம், சின்னவள் பள்ளிக்கூடம். வாடகை வீடு. மனைவி தையல் மிஷினில் தலையணை உறை தைத்துக் கொடுத்து ஏதோ சம்பாதிக்கிறாள். பாட்டிலைப் பார்க்கிறதைத் தவிர வேறெதுவும் தெரியாத ஐம்பத்தோரு வயதுக்காரனை எவன் வேலைக்கு எடுப்பான்?

வியாழக்கிழமை கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன முடிவு பண்ணியிருக்க?"

சட்டைப் பையில் இருந்து மடித்த காகிதத்தை எடுத்துக் காட்டினான். விலகல் கடிதம். கையெழுத்துகூடப் போட்டிருந்தான்.

"அப்புறம் என்ன? போய்க் குடு."

"அவன் வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேக்கட்டும். அந்த நிமிஷமே குடுத்துடறேன். நானா போய்க் குடுத்தா பிச்சை போட்ட மாதிரி ஆயிடாதா? அப்புறம் அவன் எம் மூஞ்சில முழிப்பானா?"

கேட்க எவ்வளவு பெருந்தன்மையாக இருந்தது! நானும் தலையை ஆட்டினேன். ஆனால் அந்தக் காகிதத்தைத் திரும்ப மடிக்கும்போது அவன் விரல்கள் அவசரப்பட்டதைப் பார்த்தேன். ஊரெல்லாம் அவனிடம் கேட்டுவிட்டது. சொந்தக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், வங்கிக்காரன் எல்லோரும் கேட்டாயிற்று. கேட்காமல் இருந்தது நெட்டை ஒருவன்தான். அவன் கேட்க வேண்டும், அதைத் தன் காதால் கேட்க வேண்டும் என்று இவனுக்கு ஒரு ஆசை. அதோடு, கேட்காமலே போய்விட்டால் தன் ஸ்டூல் தனக்கே இருக்கும் என்பதும் அந்த ஆசைக்கு அடியில் கிடந்தது. இதெல்லாம் எனக்கு அப்போதே தெரிந்ததா என்றால், அரைகுறையாகத் தெரிந்தது.

மதியம் நெட்டையிடம் போனேன். "நீயாவது போய் ஒரு வார்த்தை கேளேன்."

"அவன்கிட்ட நான் எதையும் கேட்டதில்லப்பா" என்று சிரித்துவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தான்.

திமிர் என்று நினைத்துக்கொண்டேன். பூதக்கண்ணாடி கடிதம் எழுதிப் பையில் வைத்திருக்கிறான் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: பந்தயம். பெட்டி கட்டுகிற நாங்கள் ஆறு பேரும் பந்தயம் கட்டியிருந்தோம். தோற்றவன் ஒரு வாரம் டீ வாங்கித் தர வேண்டும். நெட்டை கேட்பான் என்று கட்டியவன் நான் ஒருத்தன்தான். நானே போட்டு உடைத்தால் ஆட்டம் செல்லாது என்று மற்றவர்கள் சொல்லியிருந்தார்கள்.

சனிக்கிழமை இருவரும் வழக்கம்போல அடுத்தடுத்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்கள். அரை மணிக்கொரு தரம் மாறினார்கள். ஒன்றரைக்கு நெட்டை பலகைக்கு முன்னால் வந்தான். பூதக்கண்ணாடிக்கு அந்த அரை மணி நேரம் ஓய்வு. அலுவலக அறை நாற்பது அடி தூரம். அவன் எழுந்தான், தண்ணீர் குடித்தான், திரும்பி வந்து உட்கார்ந்தான். பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். நெட்டை பாட்டில்களை விட்டுப் பார்வையைத் திருப்பவில்லை. முகம் கலங்கவும் இல்லை. ஏதோ சினிமாவுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறவன் மாதிரி நிம்மதியாக இருந்தான். எனக்கு அது புரியவில்லை.

இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. அலுவலகத்து எழுத்தர் வெளியே வந்து, விலகியவர் யாரும் இல்லை என்று சொல்லிவிட்டு ஆறு பெயர்களை வாசித்தார். முதல் பெயர் நெட்டையுடையது. அவன் தன் பெயரைக் கேட்டதும் எழுத்தரைப் பார்த்தான், பிறகு திரும்பிப் பூதக்கண்ணாடியைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் கையுறையைக் கழற்றி ஸ்டூல்மேல் வைத்தான்.

"கண்ணைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் ஒரு வாரம் டீ வாங்கிக் கொடுத்தேன். அவர்களும் குடித்தார்கள்.

திங்கட்கிழமை காலையில் பூதக்கண்ணாடி கடிதத்தை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் ஓடினான். பட்டியல் மேலிடத்துக்குப் போய்விட்டது, இனி நீங்கள் போனால் உங்கள் இடமும் காலியாகத்தான் கிடக்கும், கம்பெனிக்கு ஒரு சம்பளம் மிச்சம் என்றார் அவர். இவன் கடிதத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டான். கேமரா ஒதுக்கித் தள்ளிய பாட்டில்களைக் கூடையில் அள்ளிப் போடுவதுதான் இப்போது அவன் வேலை. அதற்குக் கண்ணே வேண்டாம். பட்டைக்கு அந்தப் பக்கம் பேச ஆளும் இல்லை. நாங்களும் அவனிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. என்னவோ நாங்கள் யோக்கியர்கள் மாதிரி.

மூன்றாம் மாதம் செய்தி வந்தது. நெட்டை பழைய கண்ணாடி உடைக்கிற கிடங்கில் மூட்டை தூக்கப் போயிருக்கிறான். படிக்கட்டில் மூட்டையோடு சறுக்கி இடுப்பு விட்டுப்போய் ஒரு மாதமாகப் படுத்த படுக்கை. பெரிய பெண் படிப்பை நிறுத்திவிட்டாள்.

"என்னைக் கூட்டிட்டுப் போறியா?" என்று பூதக்கண்ணாடி என்னிடம் கேட்டான். "தனியா போக ஒரு மாதிரி இருக்கு." சொந்தமாகக் கார் வைத்திருக்கிறவன். என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்தான்.

மாடி வீடு, வெளிப்பக்கம் படி. கதவை ஒட்டித் தையல் மிஷின், பக்கத்தில் குவியலாகத் தலையணை உறை. நெட்டையின் மனைவி பல்லிடுக்கில் நூலோடு நிமிர்ந்து பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. உள் அறையின் கதவு பாதி சாத்தியிருந்தது. கட்டிலின் கால்மாட்டில் நீளமான இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன.

பூதக்கண்ணாடி ஒரு காசோலையை எடுத்து மிஷின்மேல் வைத்தான். நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். பெரிய தொகைதான்.

"அண்ணே, இதை அவர் பாத்தா கிழிச்சுப் போட்டுடுவாரு" என்றாள் அவள் மெதுவாக. "கிழிக்கிற நெலமையில நான் இல்ல." எடுத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அவனுக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது. "ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருந்தா, அன்னைக்கே..." என்று ஆரம்பித்தான்.

அவள் நூலைப் பல்லிலிருந்து எடுத்தாள்.

"நானும் அதையேதாண்ணே சொன்னேன். அன்னைக்குக் காலையில சாப்பாடு கட்டும்போது, போய் ஒரு வார்த்தை கேளுங்களேன்னேன். சிரிச்சாரு. 'அவன்கிட்ட கேக்கணுமாடி? நோட்டீஸ் ஒட்டின அன்னைக்கே எழுதிக் குடுத்திருப்பான். எங்கிட்ட சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். நான் போய்க் கேட்டா அவன் மனசு என்ன பாடுபடும்'னாரு. பேரை வாசிக்கிற வரைக்கும் அப்படியேதான் நெனச்சுக்கிட்டிருந்தாராம்."

அந்த நிம்மதியான முகம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பூதக்கண்ணாடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

உள்ளேயிருந்து நெட்டையின் குரல் வந்தது. "யாரது?"

அவள் உறைகளை மடித்து அடுக்க ஆரம்பித்தாள். பாதங்கள் அசைந்தன. அதே குரல், கோபமே இல்லாமல், பழைய குரலிலேயே சொன்னது:

"அவனுக்கு இந்த வாரம் ரெண்டு மணி ஷிப்டு. நேரமாயிடும், கெளம்பச் சொல்லு."

கீழே வந்து வண்டியைக் கிளப்பினேன். தெருமுனை திரும்பும்போது அவன் என் காதருகே குனிந்தான்.

"இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல அவன்?"

அப்படியே வண்டியைச் சாய்த்து அவனை ரோட்டில் தள்ளிவிடலாமா என்று இருந்தது. செய்யவில்லை. டீக்குப் பந்தயம் கட்டியவனுக்கு அந்த உரிமை ஏது?

"வீட்டுக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

"கம்பெனிக்கு" என்றான்.

வாசலில் இறக்கிவிட்டேன். இரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. வருகை அட்டையைத் தட்டிவிட்டு உள்ளே போய்க் கூடையை எடுத்தான்.