சூடு தெரியாத கால்

என் கணவருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. எங்கள் ஊர் கொட்டாரத்தில் அதற்கு ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். எத்தியோப்பியாவில் பஸ் கவிழ்ந்ததாம். எரிமலைக் குழம்பை மிதித்துவிட்டாராம். இந்த இரண்டாவது கதையைச் சொன்னவள் சர்ச் வாசலில் வைத்து, கூடவே நின்று பார்த்தவள் மாதிரி சொன்னாள். நடந்தது அவ்வளவு பெரிய விஷயமில்லை. ஒரு மத்தியானம் அவர் வெந்நீரில் காலை வைத்தார். வைக்கச் சொன்னது நான்.

எத்தியோப்பியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் நான் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். அவர் ஊரில் கடையைப் பூட்டிவிட்டு இரண்டு மாதம் என்னோடு இருக்க வந்திருந்தார். சர்க்கரை நோய் பத்து வருஷமாக உண்டு. கேட்டால், "மாத்திரை போடுகேனே, பெறவு என்ன?" என்று வாயை அடைத்துவிடுவார். தேர்வு முடிந்ததும் இருவருமாக ஊருக்குக் கிளம்பினோம். விமானம் ஏற முதலில் தலைநகரம் போய்ச் சேரவேண்டும். மினிபஸ்ஸில் இரண்டு நாள் பாதை.

வழி நெடுக அணைந்துபோன எரிமலைகள். கரிந்த கல், புழுதி, புல்கூட முளைக்காத மொட்டை மலைகள். சில இடங்களில் பாறை இடுக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. வெள்ளைக்காரர்கள் இதைப் படம் பிடிக்கக் காசு செலவழித்து வருகிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. பன்னிரண்டு பேர் ஏறவேண்டிய வண்டியில் இருபது பேர், காலடியில் வெங்காய மூட்டை. அவர் இரண்டு நாளும் காலை மடக்கியே உட்கார்ந்திருந்தார்.

இரண்டாம் நாள் மத்தியானம் சாப்பாட்டுக்காக வண்டியை ஒரு வெந்நீர் ஊற்றின் பக்கத்தில் நிறுத்தினார்கள். இறங்கினவருக்குச் செருப்பு கொள்ளவில்லை.

"காலு காச்சில் கெழங்கு மாதிரில்லா வீங்கி இருக்கு" என்றேன். "போயி அந்த ஊத்து வெள்ளத்துல கொஞ்சம் முக்கி வையுங்க. நீரு வத்தும்."

நம் ஊரில் கால் வீங்கினால் வேறென்ன செய்வோம்? வெந்நீரில் கல்லுப்பைப் போட்டுக் காலை முக்கி வைப்போம். அந்த நினைப்புதான் எனக்கு.

ஊற்று மேலே கொதித்துக்கொண்டிருந்தது. அதில் பெண்கள் மக்காச்சோளத்தைத் துணியில் கட்டி இறக்கி வேகவைத்து விற்றார்கள். அங்கிருந்து தண்ணீர் கல்படிகள் வழியாக ஆறி ஆறிக் கீழே ஒரு தொட்டிக்கு வந்தது. தொட்டியில் ஆட்கள் குளித்தார்கள். இவர் படிகளின் நடுவே உட்கார்ந்தார். நான் சோளம் வாங்கப் போனேன்.

"சூடு எப்பிடி?" என்று அங்கிருந்தே கேட்டேன்.

"இந்தச் சூடு காணாது, மக்கா. நம்ம வீட்டு வெந்நி இதவிடக் கொள்ளாம்" என்று சிரித்தார். வலது காலை மட்டும் இன்னும் இரண்டு படி மேலே எடுத்து வைத்துக்கொண்டார்.

சோளம் விற்ற கிழவி அவரைப் பார்த்துக் கையை ஆட்டிக் கத்தினாள். அவள் பாஷை புரியாமல், தண்ணீரை அழுக்காக்காதே என்கிறாள் என்று நினைத்தோம். அவர் மரியாதையாகத் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். பத்து நிமிஷம் இருக்கும்.

காலை வெளியே எடுத்தபோது தோல் காலுறை மாதிரி கழன்று வந்தது.

அவர் கத்தவில்லை. குனிந்து பார்த்துவிட்டு, "இதென்னது, வலியே இல்லியே" என்றார். அந்தக் குரலை என்னால் மறக்க முடியவில்லை. அப்புறம்தான் நான் அந்தத் தண்ணீரில் விரலை வைத்தேன். வைத்த வேகத்தில் இழுத்துக்கொண்டேன். வெப்பத்தைப் பற்றி வருஷா வருஷம் பாடம் எடுக்கிறவள். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பது சரிதான்.

என் பருத்திச் சேலையைக் கிழித்துச் சுற்றி, ஆறு மணி நேரம் அதே வண்டியில் அவர் காலை மடியில் வைத்துக்கொண்டு போனேன். தலைநகரத்து டாக்டர் புண்ணைச் சுத்தம் செய்துவிட்டு, பாதத்தில் உணர்ச்சி போய் எவ்வளவு காலம் என்று கேட்டார்.

இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஒன் இயர்" என்றார்.

ஒரு வருஷம். ஊரில் செருப்பைத் துளைத்து ஆணி ஏறியிருக்கிறது. வீட்டுத் தரையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருக்கிறார். இதெல்லாம் அந்த ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது.

"எங்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நீ வேலைய விட்டுட்டு ஓடி வந்திருப்ப."

நான் அவரைத் திட்டினேன். கட்டின நாளிலிருந்து திட்டாத திட்டெல்லாம் திட்டினேன். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் வெளியே போய்விட்டார். திட்டி முடித்தபிறகுதான் தோன்றியது, சொல்லியிருந்தால் வந்திருப்பேன் என்பது உண்மை.

ஊருக்கு வந்தபின் முதலில் விரல்களை எடுத்தார்கள். கறுப்பு மேலே ஏறியது. மூன்றாம் வாரம் முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டும் என்றார்கள். காகிதத்தில் கையெழுத்துப் போட்டது நான்.

காலை எடுத்த நாலாம் நாள் மத்தியானம், கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்தார்.

"ஏட்டி, வலத்த காலு எரியுது. பாதம். தீயில வச்ச மாதிரி எரியுது."

எடுத்த காலில் அப்படி வலி தெரிவதுண்டு என்று நர்ஸ் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். கஞ்சியை வைத்துவிட்டுக் கட்டிலின் கால்மாட்டுக்குப் போனேன். விரிப்பு தட்டையாகக் கிடந்தது. பாதம் இருக்கவேண்டிய இடத்தில் கையை வைத்து, "இங்கயா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் கீழ. ஆமா, அங்கதான்."

குனிந்து அந்த இடத்தில் ஊதினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"இப்ப கொறவு உண்டு" என்றார்.

நான் நம்பவில்லை. ஊதிக்கொண்டே இருந்தேன்.