சக்கரத்தடிக் கல்

எங்கள் வீட்டுக் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கருங்கல் கிடக்கிறது. ஒரு பக்கம் சரிவாகத் தேய்ந்த கல். வருகிறவர்கள் காலில் இடித்துக்கொண்டு என்னை முறைப்பார்கள். முறைக்கட்டும். அது என் அத்தையின் கல், அப்பாவின் ஒரே தங்கையுடையது. வேனை நிறுத்தியதும் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க அவர் வைத்திருந்தது.

மாமா இறந்த பிறகு புகுந்த வீட்டில் அத்தைக்கு ஓர் அறையை ஒதுக்கினார்கள். அவர் அதை வேண்டாமென்று சொல்லிவிட்டு, ஓடித் தேய்ந்த பள்ளிக்கூட வேன் ஒன்றை வாங்கினார். இருக்கைகளைக் கழற்றிவிட்டு சன்னலோரம் தையல் மெஷின், பின்னால் கட்டில், மூலையில் அடுப்பு. மொரப்பூர், பொம்மிடி சுற்றுவட்டாரத்தில் ஊருக்கு நான்கு நாள் தங்கி ரவிக்கை தைத்தார். நின்ற இடத்தில் தினமும் வேன் படிக்கு எதிரே தண்ணீர் தெளித்துக் கோலம் போடுவார். கோலம் புதிதாக இல்லையென்றால் டெய்லரம்மா அடுத்த ஊருக்குப் போய்விட்டார் என்று பெண்கள் தெரிந்துகொள்வார்கள். வீடில்லாமல் எப்படி என்று கேட்டால், “கல்லப் போட்டா வூடு, எடுத்தா வண்டி. அவ்வளவுதானுங்க” என்பார். மழைக்கு ஒழுகும், சித்திரையில் வேகும், அதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் எங்கள் வீட்டில் எனக்கென்று ஒரு மூலை கிடைக்காத வயதில், அந்த வேனைப் பார்த்து நான் பட்ட பொறாமை கொஞ்சநஞ்சமல்ல.

அப்பாவுக்கோ அது தலைக்குனிவு. கூடப் பிறந்தவளை ரோட்டில் விட்டுவிட்டான் என்று ஊர் பேசுகிறதாம். ஒருமுறை கை முறிந்து, அத்தை எங்கள் வீட்டை ஒட்டிய காலிமனையில் ஆள் வைத்து வேனைக் கொண்டுவந்து நிறுத்தி இரண்டு மாதம் தங்கினார். அப்பாவின் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். உடனே மனையைச் சுற்றி மதில் எழுப்ப ஆரம்பித்தார். தங்கச்சிக்குப் பாதுகாப்பு என்றார். அத்தை கட்டுப் பிரிக்கத் தருமபுரிக்குப் போன அன்று, செங்கல் வண்டி வந்துபோக விட்டிருந்த இடைவெளியையும் அவசரமாக அடைத்து, ஒரு சின்ன கேட்டை மாட்டிவிட்டார்.

திரும்பி வந்த அத்தை வேனுக்குள் போய் இஞ்ச் டேப்பை எடுத்துவந்து, மறுமுனையை என்னைப் பிடிக்கச் சொல்லி கேட்டை அளந்தார். பிறகு வேனை அளந்தார்.

“நாப்பத்தெட்டு இஞ்சுங்கண்ணா. என் வூடு எம்பது.”

“இங்க உனக்கு என்ன கொற வெச்சேன்?” அப்பாவின் குரல் உடைந்திருந்தது.

“கொற ஒண்ணும் வெக்கலீங்கண்ணா. நான் போற வழியத்தான் வெக்கல.”

அன்று அப்பா சாப்பிடவில்லை. மறுநாள் விடிந்ததும் கடப்பாரைச் சத்தம் கேட்டு ஓடிப் பார்த்தால், கொத்தனாரைக் கூப்பிடாமல் தானே புது மதிலை இடித்துக்கொண்டிருந்தார். அத்தை பக்கத்தில் டேப்போடு நின்று, இன்னும் ரெண்டு இஞ்ச் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கிளம்பும்போது கல்லை எங்களிடமே விட்டுப் போனார். போகிற ஊரில் கல்லுக்கா பஞ்சம், இது அண்ணன் வீட்டுக் கல்லாக இருக்கட்டும் என்றார். அதன்பின் அவர் வரும்போதெல்லாம் அதைப் போடுவதும் எடுப்பதும் அப்பாதான்.

அப்பா இப்போது இல்லை. இடித்த இடத்தில் நான் அகலமான கேட் போட்டிருக்கிறேன். போன மாதம் அத்தை வந்தார். அறுபதைத் தாண்டிவிட்டார், வேன் படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. நான்காம் நாள் காலை ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தார். நான் சக்கரத்தருகே குனிந்து கல்லைப் பிடித்தேன். இங்கேயே இருந்துவிடுங்கள் அத்தை என்ற வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. அப்பா அந்த மதிலை ஏன் கட்டினார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

“கல்ல எடு கண்ணு” என்றார் அத்தை, சன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்து.

எடுத்தேன்.