வசுமதி விற்ற பழைய தோசைக்கல்

தில்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் எங்கள் எதிர்வீட்டு வசுமதிக்கு ஐம்பத்திரண்டு வயதில் வியாபார ஆசை வந்தது. இரும்புத் தோசைக்கல், பணியாரச் சட்டி, கல்சட்டி எல்லாம் சேலத்திலிருந்து வரவழைத்து ஆன்லைனில் விற்றாள். கணவர் ரங்கராஜன் மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். மனைவியின் கடையைப் பற்றி ஆபீசுக்கு முறைப்படி கடிதம் கொடுத்துவிட்டு, அதோடு தன் பங்கு முடிந்தது என்று நினைத்தார். பாவம்.

வசுமதிக்கு ஒரு பிடிவாதம். பழக்காத கல்லை யாருக்கும் அனுப்ப மாட்டாள். கஞ்சித் தண்ணீரில் ஊறப்போட்டு, எண்ணெய் தடவி, வெங்காயத்தால் தேய்த்து, தோசை ஒட்டாமல் எழும்பும்வரை வார்த்துக்கொண்டே இருப்பாள். அத்தனை தோசையும் ரங்கராஜன் வயிற்றுக்கும் என் வயிற்றுக்கும் போயின. நான் குறை சொல்லவில்லை, சட்னி நன்றாகவே இருந்தது.

குறை சொன்னவர்கள் வாங்கிய தில்லிக்காரர்கள். பெட்டியைத் திறந்தால் கன்னங்கரேலென்று எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு கல்! யாரோ சமைத்த பழைய சாமான் என்று வரிசையாகத் திருப்பினார்கள். ஒரே மாதத்தில் பதினேழு. இன்னும் ஒன்று திரும்பினால் கடையை மூடிவிடுவோம் என்று விற்பனைத் தளத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது.

"சேலத்துலேர்ந்து வர்றாப்பலயே பளபளன்னு அனுப்பித் தொலையேன்" என்றார் ரங்கராஜன்.

"தோசை ஒட்டிண்டா அவா என்னைத்தானே திட்டுவா? கடை போனாப் போகட்டும்" என்றாள் வசுமதி. வாய்தான் அப்படிச் சொன்னது. அன்று சட்னியில் உப்பே இல்லை.

மகள் மாதுரி குர்காவுனில் வேலை பார்ப்பவள். "அச்சா, ஒளிக்கவே வேண்டாம்மா. பழசுன்னே போடு" என்று விளம்பரத்தை ஹிந்தியில் மாற்றி எழுதினாள்: 'இந்தக் கல்லில் ஏற்கெனவே நாற்பது தோசை வார்த்தாயிற்று. புதுசுதான் வேண்டுமென்றால் வேறு கடைக்குப் போங்கள்.' விலையையும் இருநூறு ரூபாய் ஏற்றினாள். கொழுப்புதான்.

ஆனால் விற்றது. பத்து நாளில் முப்பது கல். பதினோராம் நாள் பீதம்புராவிலிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது.

வசுமதி அதைத் தொடவே இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். மாதுரிதான் உள்ளே இருந்த சீட்டை எடுத்துப் படித்தாள்: "எங்கள் வீட்டில் ஏழு பேர். இது போதவில்லை. இதைவிடப் பெரிய கல், இதே மாதிரி நன்றாக அழுக்கானதாகப் பார்த்து மாற்றித் தரவும்."

"அம்மா, இது ரிட்டர்ன் இல்லை, எக்ஸ்சேஞ்ச்!"

"அழுக்காமே! கண்ணு அவிஞ்சு போச்சா அவாளுக்கு?" என்று கத்திக்கொண்டே போய் அடுப்பைப் பற்றவைத்தாள் வசுமதி. கண்ணில் தண்ணீர். இப்போது முனிர்காவில் அவள் வாடகைக்கு எடுத்த மூன்று அறைகளில் ஒன்பது பெண்கள் காலையிலிருந்து தோசை வார்க்கிறார்கள். ஒரு கல்கூட பளபளப்பாக வெளியே போவதில்லை.