ஆம்ப்ரோஸ் பெட்டில் வீட்டுக்கு எதிர்ச் சுவர்

ஆம்ப்ரோஸ் பெட்டிலைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத எனக்கு மனம் வராது. ஆனால் அவன் கதையை என்னைவிட்டால் எழுத வேறு ஆள் இல்லை. ரை என்ற எங்கள் துறைமுக ஊரின் நீதிமன்றத்தில் இருபத்திரண்டு வருடமாக நான்தான் குமாஸ்தா. அவன் வாழ்க்கை எங்கள் நீதிமன்ற ஏட்டில், என் கையெழுத்தில் கிடக்கிறது.

முதல் தடவை அவன் பெயரை எழுதியபோது அவனுக்கு வயது பத்தொன்பது. கடலுக்கு அந்தப் பக்கம், தியெப்பிலிருந்து முதன்முதலாகச் சரக்கு ஏற்றி வந்தவன், படகை மீன்காரர்கள் துறையில் கட்டினான். எடுக்கச் சொன்னவரைக் கூடையோடு தண்ணீரில் தள்ளினான். இரண்டாம் தடவை, தேவாலயத்தில் பிரசங்கம் நடக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் பிரெஞ்சுச் சீட்டுக்கட்டு விற்றான். மூன்றாம் தடவை, அந்தச் சீட்டில் ஒரு ராணி குறைவதாகச் சொன்னவரின் தொப்பியைக் கூரைமேல் எறிந்தான். ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே வந்தான், சிரித்துக்கொண்டே போனான். தண்டனை சொன்னவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். நான் அதில் ஒன்றைச் செய்திருந்தால் அன்றே வேலை போயிருக்கும். என் வயிறு எரிந்தது.

அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாக்குமூலத்தின் அடியில், தன் சரக்கு மூட்டைகளில் தாரால் போடும் குறியையே போடுவான். ஒரு தூண்டில் முள், அதன் தலையில் ஒரு சிலுவை. நான் லத்தீன் படித்தவன். ஆனால் தாமசின் என்ற பெண் கட்டிக்கொண்டது அந்தத் தூண்டில் முள்ளைத்தான்.

தாமசின், கயிறு திரிக்கும் ஹாலட்டின் மகள். அவளிடம் என்ன பேசலாம் என்று மூன்று வருடம் யோசித்துக்கொண்டிருந்தேன். அவன் அக்கரையிலிருந்து ஒரு ஜோடி ஆட்டுத்தோல் கையுறை கொண்டுவந்து ஒரே மத்தியானத்தில் காரியத்தை முடித்துவிட்டான்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. நீதிமன்றம் முடிந்ததும் அவன் வீட்டுக்கு எதிரே, பீர் வடிப்பவர் சுவரில் சாய்ந்து நிற்பேன். ஜன்னலில் தாமசின் தெரிவாள். அவன் கப்பலேறிப் போயிருந்தால் கொஞ்சம் நிம்மதி. வீட்டில் இருந்தால், என்ன தின்கிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து வெந்துபோவேன். வெட்கங்கெட்ட பழக்கம்தான். பதினோரு வருடம் விட முடியவில்லை.

நான்காம் தடவை அவன் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. யோவான் திருநாளுக்கு முந்தின சாயங்காலம், தியெப் மீன்படகு ஒன்றை ஐந்து பேர் கடலில் மறித்துக் கொள்ளையடித்திருந்தார்கள். அவர்கள் விட்டுவிட்டு ஓடிய தோணியில் ஒரு மூட்டை. அதன்மேல் தூண்டில் முள்ளும் சிலுவையும். எங்கள் ஊர் வியாபாரிகள் பழைய மூட்டைத்துணியைத் தூக்கிப்போட மாட்டார்கள். அடுத்தவன் குறியை அழிக்கக்கூடச் சோம்பல்பட்டு அதிலேயே தங்கள் சரக்கைக் கட்டிவிடுவார்கள். இதை அக்கரைக்காரர்களுக்கு யார் புரியவைப்பது? குறியைக் கண்டவர்கள் ஆளையே கண்டதாகச் சத்தியம் செய்தார்கள். கடற்கொள்ளைக்குத் தூக்குதான்.

"நான் வீட்டுலதாங்க இருந்தேன்," என்றான் ஆம்ப்ரோஸ். "அக்கரைல தின்ன சிப்பி ஒத்துக்கல. சாயங்காலம் பூரா வயித்தப் புடிச்சிக்கிட்டுக் கெடந்தேன்."

"யாரு பாத்தா?" என்று கேட்டார் மேயர். எங்கள் ஊரில் மேயரும் சில வியாபாரிகளும்தான் நீதிபதிகள்.

"எம் பொண்டாட்டி."

புருஷனுக்குப் பெண்டாட்டி சொல்லும் சாட்சி செல்லாது. அன்றைக்கு ஊரே கடற்கரையில் திருநாள் நெருப்பைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு ஈ காக்காய் இல்லை.

நான் இருந்தேன். ஜன்னலோரம் அவன் சுருண்டு கிடந்ததையும், அவள் அவன் நெற்றியைத் தடவிக்கொடுத்ததையும் பார்த்தேன். இப்போது நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். தாமசின் விதவையாகிவிடுவாள். அப்படி நினைக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மைக்கூட்டில் தோய்த்த பேனா கையிலேயே காய்ந்தது.

பின்வரிசையில் தாமசின் நின்றாள். அழவில்லை, கும்பிடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேனாவை வைத்துவிட்டுச் சாட்சிக் கூண்டில் போய் நின்றேன். ஒயின் விற்கும் நீதிபதி ஒருவர் முணுமுணுத்துக்கொண்டே என் இடத்தில் எழுத உட்கார்ந்தார். மேயர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"இவன் மேல உனக்குப் பிரியமோ பகையோ உண்டா?"

எல்லாச் சாட்சிகளும் 'இல்லை' என்பார்கள். இருபது வருடத்துக்கு மேல் அந்தப் பொய்யை நானே எழுதியிருக்கிறேன்.

"பகை உண்டுங்க," என்றேன். "இவனக் கண்டாலே எனக்கு ஆகாது. இவன் பொண்டாட்டிய நான் கட்டிக்க நெனச்சிருந்தேன். ஆனா அன்னிக்கு இவன் வீட்டுலதான் கெடந்தான். எதுத்த சுவத்துல நின்னு பாத்தேன், இருட்டுற வரைக்கும்."

"அங்க எதுக்குய்யா நின்ன?"

"தெனமும் நிக்கிறேங்க."

கூரை பறக்கும்படி சிரித்தார்கள். ஆனால் பகைக்காரனே வந்து சொல்லும்போது யார்தான் நம்பாமல் இருப்பார்கள்? அன்றே அவனை விட்டுவிட்டார்கள்.

வெளியே அவன் என்னை நோக்கி வந்தான். அடிப்பான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கட்டிப்பிடித்தான்.

"வாய்யா குமாஸ்தா, வந்து சாப்ட்டுப் போ."

"கோவம் இல்லியா உனக்கு?"

"கோவமா? நல்லா கேட்ட போ! இத்தன வருசமா நான் நிம்மதியா கப்பலேறுனது யாரால? எதுத்தாப்புல நீ நிக்கிறப்ப எவன் உள்ள நொழைவான்? நாய் வளக்கலாம்னு இவகூடச் சொன்னா. எதுக்குத் தெண்டச் சோறுன்னு நாந்தான் வேணாம்னுட்டேன்."

தாமசின் சிரித்தாள். ஊர் சிரித்ததைத் தாங்கிக்கொண்டேன். இதைத் தாங்க முடியவில்லை.

மறுநாளிலிருந்து வேறு தெரு வழியாக வீட்டுக்குப் போனேன். மூன்றாம் நாள் காலையில் கதவைத் தட்டினான்.

"என்னய்யா, ரெண்டு நாளா ஆளக் காணோம்? நான் நாளைக்குத் தியெப்புக்குக் கெளம்பணும்."

கதவை அவன் முகத்தில் சாத்தினேன். அவன் சிரித்துக்கொண்டே போவது கேட்டது.

மறுநாள் அவன் கப்பலேறினான். சாயங்காலம் நான் போய் அந்தச் சுவரில் சாய்ந்து நின்றேன்.